தார்ப்பாயின் உள்பக்கம்

"மழதான் பெய்யலியே டீச்சர், நெல்லு எப்புடி நனஞ்சுது?"

அக்கா, நீங்கள் இதை என்னிடம் கேட்டு மூன்று வருடம் ஆகிறது. ரோட்டோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முளைவிட்ட நெல்லை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிக்கொண்டு கேட்டீர்கள். குரலில் கோபம் இல்லை. பக்கத்து வீட்டில் உப்பு இருக்கிறதா என்று கேட்பது போலத்தான் கேட்டீர்கள். முப்பத்திரண்டு வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்குப் பதில் தெரியும். தெரிந்துகொண்டே, "பனியா இருக்கும்க்கா" என்றேன்.

நீங்கள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு, "இருக்கும், இருக்கும்" என்று சொல்லிக் கையைத் தட்டிவிட்டு எழுந்தீர்கள்.

இன்று காலை அந்த நீலத் தார்ப்பாய் பரணிலிருந்து இறங்கியது. ஏழு மணி இருக்கும், உங்கள் கொழுந்தனார் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டைத் தட்டினார். நேற்றுச் சாயங்காலம் மெஷின் விட்டு அறுத்திருக்கிறார். நெல் ரோட்டில் கிடக்கிறது. கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது, நாளைக்குள் மழை வரலாம் என்று ஃபோனில் எல்லாருக்கும் வந்திருக்கிறது. அவருடைய படுதா கிழிந்துவிட்டதாம். ஒரு நாளைக்குத் தந்தால் போதும் என்றார்.

இறக்கி முற்றத்தில் பிரித்தேன். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காய வைத்து மடித்ததுதான். ஆனாலும் மடிப்புகளுக்குள்ளிருந்து அந்த வாசனை வந்தது. இரண்டு நாள் வைத்த கழுநீர் போல, புளிப்பும் வெதுவெதுப்புமாக, முளைத்த நெல்லின் வாசனை. கையில் ஒரு முனையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். அவர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "என்னாங்க டீச்சர், ஓட்ட கீட்ட இருக்கா?" என்று கேட்டார்.

ஓட்டை இல்லை. அதுதான் பிரச்சினையே.

உங்களை எனக்கு நெருக்கமாக்கியது ஒரு கொடிக்கயிறு. உங்கள் கொல்லை முருங்கை மரத்தில் ஒரு முனை, என் குளியலறைச் சுவரின் கொக்கியில் மறுமுனை. நடுவில் வேலி. இரண்டு வீட்டுத் துணியும் ஒரே கயிற்றில்தான் காயும். பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் அவசரத்தில் நான் துணியைப் பிழிந்துகொண்டு வந்தால், நீங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று காற்றைப் பார்ப்பீர்கள். காற்றைப் பார்ப்பது என்று ஒன்று உண்டா என்று கேட்டால், உங்களிடம் இருந்தது. முகத்தைக் கொஞ்சம் தூக்கி, மூக்கின் மேல் காற்று படவிட்டு நிற்பீர்கள்.

சில நாள் வெயில் சுள்ளென்று அடிக்கும். வானத்தில் ஒரு பஞ்சு கூட இருக்காது. நீங்கள் சொல்வீர்கள்: "இன்னக்கிக் காயாது டீச்சர். இது வயிறு நெறஞ்ச காத்து."

எனக்குச் சிரிப்பு வரும். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து தொட்டுப் பார்த்தால், புடவையின் கரை சொதசொதவென்று இருக்கும். இன்னொரு நாள் வெயிலே இருக்காது, மப்பாக இருக்கும். ஆனால் வடக்கேயிருந்து வாடைக்காற்று வறண்டு அடிக்கும். அன்று, "போட்டுட்டுப் போங்க, இது பசியோட வருது" என்பீர்கள். மதியத்துக்குள் காய்ந்திருக்கும்.

வகுப்பில் ஈரப்பதம் என்ற பாடம் வரும்போதெல்லாம் நான் உங்கள் சொல்லைத்தான் திருடினேன். காற்றுக்கு வயிறு உண்டு. கடல் மேல் வரும் காற்று தண்ணீரைக் குடித்து வயிறு நிறைந்து வருகிறது. அதற்குமேல் சட்டையில் இருக்கும் தண்ணீரை அது குடிக்காது. வெயிலில் சூடேறிய காற்றுக்கு வயிறு பெரிது, குளிர்ந்த காற்றுக்குச் சிறிது. வயிறு நிறைந்த காற்றைக் குளிர வைத்தால் என்ன ஆகும்? வயிறு சுருங்கும், குடித்ததைக் கக்கும். மேலே கக்கினால் மேகம், புல்லில் கக்கினால் பனித்துளி, ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கத்தில் கக்கினால் அந்த ஈரம். பிள்ளைகள் கக்கும் என்ற சொல்லுக்குச் சிரிப்பார்கள், ஆனால் மறக்கமாட்டார்கள்.

பாடப்புத்தகத்தில் ஒரு படம் இருக்கும். கடலிலிருந்து ஒரு அம்புக்குறி மேலே, மேகத்திலிருந்து ஒரு அம்புக்குறி கீழே, ஆற்றிலிருந்து ஒன்று கடலுக்கு. வட்டம் முடிந்துவிடும். அந்தப் படத்தை நான் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை. அதில் காற்றே இருக்காது. எவ்வளவு சூடு, எவ்வளவு குளிர்ச்சி, எந்தப் பக்கக் காற்று, அது மேலே ஏறுகிறதா சும்மா கடந்து போகிறதா, எதுவும் இருக்காது. ஒரு முறை உங்களிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். "எல்லாம் சரிதான், இது என்னைக்கி நடக்கும்னு எங்க போட்டிருக்கு?" என்று கேட்டீர்கள். வானிலை என்பது அந்தக் கேள்விதான் அக்கா. தண்ணீர் சுற்றுகிறது என்பது பாடம். இன்றைக்கு எங்கே நின்றிருக்கிறது என்பதுதான் வானிலை.

இவ்வளவும் தெரிந்த நான்தான் அதைச் செய்தேன்.

அத்தான் இறந்த பிறகு உங்கள் நிலத்தைக் கொழுந்தனார் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லபடியாகத்தான் பார்த்தார். ஆனால் உங்களுக்கு அரிசி மட்டும் வீட்டுக்கு வரும், வயல் வராது. ஒருநாள் வேலியோரம் நின்று, "எப்ப நாத்து வுட்டாங்க, எப்ப பறிச்சாங்கன்னே தெரியல டீச்சர், நான் என்னமோ விருந்தாளி மாதிரி சாப்புடுறேன்" என்றீர்கள். அந்த ஆடியில் அவரிடம் போய் இந்த வருடம் நானே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டீர்கள். அவர் மறுக்கவில்லை. ஒரு போகம் பாருங்கள் அண்ணி, சரியாக வராவிட்டால் மறுபடி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். நீங்களும் ஒப்புக்கொண்டீர்கள். அந்தச் சம்பாப் பயிர் உங்களுக்கு நெல் மட்டுமில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அது தவறினால் வயல் போய்விடும்.

பயிர் நன்றாக வந்தது. மார்கழியில் நீங்கள் காட்டக் கூட்டிப்போனீர்கள். வரப்பில் உங்கள் பின்னால் நடந்தபோது கதிர் என் முழங்கையில் உரசியது நினைவிருக்கிறது. தையில் மழை செய்தி வந்தது. வங்கக் கடலில் தாழ்வு நிலை, டெல்டாவில் கனமழை வரலாம் என்று. நான் ஓய்வு பெற்றுச் சும்மா இருந்த நேரம். ஃபோனில் மேகப் படத்தைப் பார்ப்பதே வேலை. வெள்ளையாக ஒரு சுழி நம் பக்கம் வந்துகொண்டிருந்தது. நான்தான் வந்து சொன்னேன்: கதிர் இன்னும் கொஞ்சம் பச்சை இருந்தாலும் பரவாயில்லை, உடனே அறுத்துவிடுங்கள், சாய்ந்து தண்ணீரில் கிடந்தால் ஒன்றும் மிஞ்சாது. நீங்கள் மெஷினுக்குச் சொன்னீர்கள்.

கோயிலுக்குப் போகிற ரோட்டில் பஸ் போகப் பாதியை விட்டு மறுபாதியில் உங்கள் நெல் குவிந்தது. நாலு அடி தள்ளி கொழுந்தனாரின் குவியல். உங்கள் நெல்லைக் கையில் எடுத்தால் ஈரம் தெரிந்தது. வீடு ஒழுகும் என்று வாங்கி வைத்திருந்த என் புதுத் தார்ப்பாயைக் கொண்டுவந்தேன். சுற்றிலும் செங்கல் அடுக்கச் சொன்னேன். அடியில் சாக்கைச் சுருட்டி அடைக்கச் சொன்னேன். ஒரு பொட்டுக் காற்று உள்ளே போகக் கூடாது, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்ல முடியாது என்றேன். நான் செங்கல்லைச் சரிபார்த்துச் சுற்றி வருவதைப் பார்த்துக் கொழுந்தனார் சிரித்தார்.

"என்னாங்க டீச்சர், வானத்துக்கும் நீங்கதான் அட்டெண்டன்ஸ் எடுக்குறீங்களா?"

"நீங்களும் மூடுங்க, சிரிச்சது போதும்" என்றேன். அவர் வைக்கோலைத்தான் மேலே போட்டார்.

முதல் நாள் மழை வரவில்லை. வானம் மந்தாரமாக இருந்தது, காற்று அசையவில்லை. இரண்டாம் நாள் மதியம் மேகம் கொஞ்சம் விலகி, ஒரு மணி நேரம் வெயில் வந்தது. கொழுந்தனார் வைக்கோலை ஒதுக்கி நெல்லைக் காலால் விலாவி, ஈரம் போகக் கிளறிவிட்டார். நீங்கள் என் வீட்டு வாசலுக்கு வந்தீர்கள். உள்ளே கூட வரவில்லை, படியில் நின்றே கேட்டீர்கள்.

"டீச்சர், கொஞ்சம் தெறந்து வுடட்டுமா? ஓரமா கைய வுட்டுப் பாத்தேன், சுடுது."

நான் ஃபோனை எடுத்துப் பார்த்தேன். வெள்ளைச் சுழி இன்னும் அங்கேயேதான் இருந்தது. "வேணாம்க்கா. இது ஏமாத்துற வெயில். தெறந்த நேரம் பாத்து ஊத்திடும். நாளைக்கி ஒரு நாள் பொறுத்துக்கங்க."

நீங்கள் உங்கள் கையைப் பார்த்தீர்கள். என் ஃபோனைப் பார்த்தீர்கள். "சரிங்க டீச்சர், நீங்க சொன்னா சரி" என்று திரும்பிப் போனீர்கள்.

அந்தக் கையை நான் தொட்டுப் பார்த்திருக்கலாம். கை சூடாக இருந்தது என்றால் உள்ளே நெல் மூச்சு விடுகிறது என்று பொருள். அறுத்த நெல் செத்த பொருள் இல்லை. ஈரமாக, குவியலாகக் கிடந்தால் அது புழுங்கும், சூடாகும். சூட்டில் ஈரம் ஆவியாகி மேலே வரும். மேலே வந்தால் போக வழி வேண்டும். நான் வழியை அடைத்து வைத்திருந்தேன். ஆவி தார்ப்பாயின் அடியில் முட்டும். தார்ப்பாய் நெல்லை விடக் குளிர்ந்தது. உள்ளே இருக்கும் காற்றுக்கு ஏற்கெனவே வயிறு நிறைந்துவிட்டது. என்ன ஆகும்? எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். வருடம் தவறாமல் நான் மேசை மேல் செய்து காட்டிய சோதனை அது: வெந்நீர்ப் பாத்திரம், மேலே தட்டு, தட்டின் அடியில் துளி. "மழை எங்கிருந்து வந்துச்சு பாத்தியா?" என்று கேட்பேன். அதே பாத்திரத்தை ரோட்டில் நானே வைத்து, நானே மூடி, நானே செங்கல்லும் வைத்தேன். பக்கத்தில் நின்றும் எனக்கு அது தெரியவில்லை. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சுழி கடைசியில் தெற்கே சரிந்து இலங்கைப் பக்கம் போய்விட்டது. கடலில் எழுந்த தண்ணீரெல்லாம் நம் தலையில்தான் விழ வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. காற்று திரும்பினால் மழையும் திரும்பும். முன்னறிவிப்பில் வரலாம் என்றுதான் சொன்னார்கள். வரும் என்று சொன்னது நான்.

நான்காம் நாள் காலை கொழுந்தனார் வந்து கூப்பிட்டு நான் ரோட்டுக்குப் போனபோது தார்ப்பாயை எடுத்திருந்தீர்கள். உங்கள் நெல்லின் மேல்பகுதி முழுதும் வெள்ளை வெள்ளையாக முளை. நடுவில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு, கையை விட்டால் ஆவி அடித்தது. நாலு அடி தள்ளி கொழுந்தனாரின் நெல் கலகலவென்று கிடந்தது. கொள்முதலுக்குப் போன இடத்தில் ஒரு பிடி எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த ஆடியில் நீங்களே போய், தம்பி, நீங்களே பாத்துக்கங்க என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். என்னிடம் அதை ஒரு செய்தி போலத்தான் சொன்னீர்கள், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே.

ஆனால் எனக்குத் தாங்காதது அது இல்லை. அதற்குப் பிறகு ஒருநாள் காலை கொடிக்கயிற்றருகே ஈரத் துணியோடு நின்றுகொண்டு, என்னிடம் கேட்டீர்கள்: "இன்னக்கிக் காயுமா டீச்சர்?"

அதுவரை ஒருநாளும் நீங்கள் கேட்டதில்லை. சொல்வீர்கள். அன்றிலிருந்து கேட்க ஆரம்பித்தீர்கள். முகத்தைத் தூக்கிக் காற்றைப் பார்ப்பதையும் விட்டுவிட்டீர்கள். நான் உங்கள் நெல்லை மட்டும் கெடுக்கவில்லை என்று அன்று தெரிந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். உங்கள் கை சரியாகத்தான் சொன்னது அக்கா, என் படிப்புத்தான் தவறிவிட்டது என்று ஒரே ஒரு வரி. நாளை சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்தேன். போன ஐப்பசியில் நீங்கள் போய்விட்டீர்கள். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் நான் அழுததைப் பார்த்து, டீச்சருக்கு எவ்வளவு பாசம் என்றார்கள்.

அதனால்தான் இன்று காலை கொழுந்தனாரிடம் சொன்னேன். இருவரும் ஆளுக்கொரு முனையாகத் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டிருந்தபோதே சொன்னேன். அன்று அது பனி இல்லை, என் பேச்சால் கெட்ட நெல் அது, உள்ளேயிருந்த ஈரமே எழுந்து தார்ப்பாயில் பட்டுத் திரும்ப விழுந்தது, அக்கா கேட்டபோதே எனக்குப் பதில் தெரியும் என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. தார்ப்பாயைக் கீழே வைத்தார்.

"பனி எப்புடிங்க டீச்சர் எறங்கும்? மூணு நாளும் மப்பால்ல இருந்துச்சு."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மேகம் போர்வை மாதிரி மூடியிருந்தால் தரை குளிராது, தரை குளிராவிட்டால் பனி இறங்காது. அதையும் நான் பாடமாக நடத்தியிருக்கிறேன். உங்களுக்கும் அவருக்கும் அது நடத்தாமலே தெரியும். என் பொய் கூட மோசமான பொய்.

"அண்ணிக்கும் தெரியுங்க" என்றார். "தெறக்கறதுக்கு முன்னாடி படுதா மேல வெரல வெச்சு ஒரு கோடு போட்டாங்க. பஸ்ஸு கெளப்புன தூசு அப்புடியே இருந்துச்சு. தெறந்து அடிப்பக்கத்தப் பாத்தா சொட்டுது. 'மேல நனையல தம்பி, உள்ளதான் வேத்திருக்கு'ன்னாங்க. அப்பறந்தான் உங்களக் கூட்டியாரச் சொல்லி என்னை அனுப்புனாங்க."

அப்பறந்தான். அந்தச் சொல் காலையிலிருந்து என்னை விடவில்லை அக்கா. தெரிந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். தெரிந்த பிறகுதான், "மழதான் பெய்யலியே டீச்சர், நெல்லு எப்புடி நனஞ்சுது?" என்று கேட்டிருக்கிறீர்கள். வகுப்பில் நானும் அப்படிக் கேட்பேன், பதில் தெரியாமலா கேட்பேன்? பிள்ளை தானாக எழுந்து சொல்லட்டும் என்று கேட்பது. நீங்கள் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தீர்கள். நான் அதற்கும் செங்கல் வைத்து அடைத்தேன்.

ரோட்டுக்கு அவரோடு நானும் போனேன். நெல் குவியலின் இரண்டு பக்கமும் மூங்கிலைக் குறுக்கே கட்டி நிறுத்தி, தார்ப்பாயைக் கூரை மாதிரி உயர்த்திப் போட்டோம். அது நெல்லைத் தொடவில்லை. இரண்டு முனையையும் திறந்தே விட்டோம், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும்படி. சாரல் அடித்தால் ஓரம் கொஞ்சம் நனையும். நனையட்டும், அது காய்ந்துவிடும் என்றார் அவர். நிலம் இன்றும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது என்று அவராகவே சொன்னார்.

இதை எழுதும்போது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. கிழக்கே கடல் பக்கம் கறுத்திருக்கிறது. தையில் இப்படிக் கறுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கடல் சூடாகிக்கொண்டு வருகிறது, சூடான காற்றுக்கு வயிறு பெரிது, நிறையக் குடித்துக்கொண்டு அறுவடை நேரத்தில் வந்து நிற்கிறது. இந்தப் பக்கத்து ஆட்கள் ஃபோனை நம்புவதா வானத்தை நம்புவதா என்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். இன்று மழை வருமா என்று என்னைக் கேட்டால், வரலாம் என்று மட்டும் சொல்கிறேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் ரோட்டுக்குப் போய் நெல்லுக்குள் கையை விட்டுப் பார்ப்பேன். சுட்டால் விலாவச் சொல்வேன். ஃபோன் வீட்டிலேயே இருக்கும்.

கொடிக்கயிறு இன்னும் அங்கேதான் இருக்கிறது. என் துணி மட்டும் அதில். காலையில் கயிற்றருகே நின்று முகத்தைத் தூக்கிப் பார்க்கிறேன். உங்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியவில்லை. பாதி நாள் தவறுகிறது.

உங்கள் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். மழை பெய்தது அக்கா. தார்ப்பாய்க்கு உள்ளே பெய்தது. பெய்ய வைத்தது நான்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று மட்டும். ஒரு பிடி நெல்லோ பச்சைப்பயறோ ஊறவைத்துத் தண்ணீரை வடித்து, ஒரு தட்டில் வெயிலில் வைத்து, அதன்மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து டம்ளரின் உள்பக்கத்தை விரலால் தொட்டுப் பாருங்கள்.